செவிமணி 3306, உறை உட்பட

காலை ஆறு மணிக்குப் பிலோமி பாரந்தூக்கியின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.

பாரந்தூக்கியின் உயரம் நூற்றிருபது அடி. அதன் நாடி நான்காம் காலின் உட்புறத்தில், ஒரு சின்னக் கதவுக்குப் பின்னால் இருந்தது. கதவைத் திறந்தால் தேங்காய் அளவில் ஒரு கண்ணாடிக் குடுவை. குடுவைக்குள் இளஞ்சூடான உப்புநீரில் சாம்பல் நிற மூளை ஒன்று மிதந்துகொண்டிருந்தது. குடுவையின் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்தால் நீர் துடிப்பது தெரியும். சுவரில் இருந்த கருவி அதே எண்ணைப் பிழையில்லாமல் காட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் இயந்திர நலப் பிரிவின் செவிலியர்கள் விரலால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும் என்பது விதி. தொட்டுப் பார்க்கப்படும் மூளைகள் சீக்கிரம் தேறுகின்றன என்று யாரோ எப்போதோ கவனித்திருந்தார்கள்.

"எழுபத்திரெண்டு. நல்லா உறங்குனீங்களா?"

"ஏழு மணி நேரம், சிஸ்டர்," என்றது பாரந்தூக்கி. துறைமுகத்தில் எல்லோரும் அதை நெட்டையன் என்று அழைத்தார்கள். தொழிலாளர்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்ததால் அவர்களைப் போலவே பேசும். "ஆனா நேத்து சாயந்திரம் ஒரு தப்பு நடந்துபோச்சு. மின்கலத்துல வாய வச்சிட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சே காலுக்கு. நாலு நிமிஷம். அந்தப் பச்சைக் கப்பல் கெளம்பிப் போச்சுல்லா, அதுக்குப் பெறவு."

பிலோமி அதை அப்படியே எழுதிக்கொண்டாள். மாலை 5.15. நான்கு நிமிடம். கப்பல் கிளம்பிய பிறகு.

"ஏச மாட்டீங்களா?"

"ஏசுனா குடுவைத் தண்ணில உப்பளவு சரியாயிருமா?"

"ஆகாது."

"பெறவு எதுக்கு? மறைக்காம சொன்னீங்க பாருங்க, அதுவே பெரிய காரியம். இனிமே கப்பல் கெளம்புற நேரத்துல யாராச்சும் உங்க பக்கத்துல வந்து நிக்கட்டும். நான் சொல்லி வைக்கேன்."

முத்துத்திட்டு தூத்துக்குடிக் கரையிலிருந்து பன்னிரண்டு கடல்மைல் தள்ளி மிதக்கிற துறைமுகம். பழைய துறைமுகம் நீருக்கடியில் போய் எண்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மிதக்கும் தளத்தில் ஓர் அலை இன்னோர் அலையைப் போல இருப்பதில்லை. கணக்குப் போடும் இயந்திரங்கள் அந்த ஆட்டத்தில் திணறிப் பெட்டிகளைக் கடலில் போட்டன. அதனால்தான் வளர்மூளைகள் வந்தன. உயிரணுக்களிலிருந்து குடுவையில் வளர்க்கப்பட்ட அவை அலையைக் கணக்கிடவில்லை, உணர்ந்தன. ஆனால் உணரத் தெரிந்ததற்கு வருந்தவும் தெரிந்திருந்தது. ஐம்பதில் ஒரு மூளை இரண்டு முனைகளுக்கு நடுவில் ஊசலாடியது. நெட்டையனுடையது அப்படி ஒன்று. ஏற்றம் வரும்போது நெட்டையன் தூங்காமல் மூன்று நாள் வேலையை ஒரே நாளில் முடிப்பான், கரைவரைக்கும் பாலம் கட்டுவேன் என்று வரைபடம் அனுப்புவான். இறக்கம் வரும்போது கொக்கியை நீருக்குள் தொங்கவிட்டு அசையாமல் நிற்பான். அந்த நாட்களில்தான் அவசரகால மின்கலங்களிலிருந்து அளவுக்கு மீறி மின்சாரத்தை உறிஞ்சத் தொடங்கினான். கொஞ்ச நேரத்துக்குப் பாரம் தெரியாது. பிறகு இரண்டு மடங்காகத் தெரியும். ஏட்டில் அதற்கு மிகைமின் நாட்டம் என்று பெயர். தொழிலாளர்கள் குடிக்கிறான் என்றார்கள்.

ஒரு வளர்மூளை முதிர ஒன்பது ஆண்டுகள் ஆகும். கெட்டுவிட்டது என்று வீசினால் வேறொன்றுக்கு ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். எனவே முத்துத்திட்டில் பொறுமை ஒரு சட்டமாக எழுதப்பட்டது. கோளாறுள்ள இயந்திரத்தின் மேல் 'பராமரிப்பில் உள்ளது' என்ற மஞ்சள் அட்டையைக் கட்டுவார்கள். மஞ்சள் அட்டையைக் கேலி செய்யக் கூடாது. அதன் தூக்க நேரத்தைக் கலைக்கக் கூடாது. ஏற்றத்தில் இருக்கும்போது கைதட்டிக் கூடுதல் வேலை வாங்கக் கூடாது. இறக்கத்தில் இருக்கும்போது சும்மா எழுந்திரு என்று சொல்லக் கூடாது. மிகைமின்சாரத்தை ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரும் என்பதால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மறுபடி குடித்துவிட்டால் நேரத்தையும் காரணத்தையும் எழுத வேண்டும். குற்றம் எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. இந்த விதிகள் துறைமுகத்தில் பிறந்த குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அடுப்பு சுடும் என்று தெரிவதைப் போல.

பிலோமி குடுவைக்குள் அன்றைய சீருப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஏற்ற இறக்கத்தை அளவுக்குள் நிறுத்தும் மருந்து அது.

"சிஸ்டர், உங்க கண்ணு வீங்கியிருக்கு," என்றான் நெட்டையன்.

"தூசி."

"கடலுக்கு நடுவுல ஏது தூசி?"

அவள் கதவை மூடினாள்.

வீட்டில் அவள் தம்பி இன்னாசி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். முத்துத்திட்டின் முக்குளிப்பவர்களில் அவன்தான் கெட்டிக்காரன். கப்பல்களின் அடிவயிற்றில் ஒட்டும் சிப்பிகளைச் சுரண்டி எடுப்பது அவன் வேலை. நான்கு மாதங்களுக்கு முன்னால் ஒரு நாளைக்குப் பதினோரு முறை கடலுக்குள் இறங்கினான். நான்கு முறைக்கு மேல் இறங்கக் கூடாது என்பது விதி. யாரும் அவனைத் தடுக்கவில்லை. தளத்தில் நின்று விசிலடித்தார்கள், மாலை போட்டார்கள். மாலையைக் கழற்றிய கையோடு அவன் எல்லா உயிர்காப்புப் படகுகளுக்கும் நீல வண்ணம் அடித்தான். அடுத்த மாதம் எழுந்து பல் தேய்க்கவும் முடியவில்லை. கடற்பாசியிலிருந்து திருட்டுத்தனமாக வடிக்கும் பாசிச்சாராயம் அவனுக்குக் காலை உணவானது. ஒரு நாள் அம்மா எல்லாப் புட்டிகளையும் கடலில் கொட்டிவிட்டு அவனை அறைக்குள் வைத்துப் பூட்டினாள். மறுநாள் மாலை அவனுக்கு வலிப்பு வந்தது. அக்கம்பக்கத்தில் மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவைத்தார்கள்.

அன்று நண்பகல் பிலோமி வீட்டுக்கு வந்தபோது அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. கட்டிலுக்கடியில் ஒரு புட்டி உருண்டு கிடந்தது.

"எந்திரிலே! வெக்கமா இல்ல? பத்துப் பேரு ஒழைக்கிற எடத்துல நீ மட்டும் மாடு மாதிரி படுத்துக் கெடக்க. எல்லாம் கொழுப்பு. மனசு வச்சா விட முடியாதா?"

"வைக்க மனசு எங்கக்கா இருக்கு?"

"பேச்சு மட்டும் வருது. வெள்ளிக்கிழமை கயித்துக் கூட்டம். ஒன்னையக் கயித்துலேருந்து எடுத்துருவோம்னு பவுல்ராசு அண்ணாச்சி சொல்லிட்டாரு. தெரியுமா?"

முக்குளிப்பவரின் இடுப்புக் கயிற்றை மேலே ஐந்து பேர் பிடித்திருப்பார்கள். அவர்களுக்குத் தலைவர் பவுல்ராசு அண்ணாச்சி. ஒருவனைக் கயிற்றிலிருந்து எடுப்பது என்றால் அவனுக்காகப் பிடிக்க இனி ஆளில்லை என்று பொருள். வேலை போனவனுக்கு மிதவையில் இடமும் கிடையாது. தனியாகக் கரைக்கு அனுப்பிவிடுவார்கள். கரையில் பாசிச்சாராயத்தை மறைந்து குடிக்க வேண்டிய அவசியமில்லை. பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள். அப்படி அனுப்பப்பட்ட இரண்டு பேர் ஓராண்டு தாண்டவில்லை.

இன்னாசி சுவரிடமே சொன்னான்: "எடுக்கட்டும். நான் இல்லாட்டா ஒங்களுக்கும் நிம்மதி."

"வாயக் கழுவுலே," என்று கத்திவிட்டுப் பிலோமி கதவை அறைந்து வெளியே வந்தாள்.

வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. இதே வாக்கியத்தைப் போன ஆண்டு நெட்டையன் சொல்லியிருந்தான். கொக்கியைக் கடலுக்குள் விட்டபடி, நான் இல்லாட்டா எல்லாருக்கும் நிம்மதி என்று. அன்றைக்குத் துறைமுகம் முழுவதும் வேலையை நிறுத்தியது. பதினோரு பேர் முறைவைத்து ஆறு நாட்கள் அவன் காலடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பவுல்ராசு அண்ணாச்சி தன் வாத்துகளைப் பற்றி மட்டும் நாலு மணி நேரம் பேசினார். பாரந்தூக்கி சொன்னபோது பதினோரு பேர். தம்பி சொன்னபோது அறைந்து சாத்திய ஒரு கதவு.

மனிதர்களுக்கும் மருத்துவமனை இருந்தது. மனநலப் பிரிவும் இருந்தது. டாக்டர் ஜுலைஹா என்ற நல்ல மருத்துவரும் இருந்தார். ஆனால் அதன் வாசல் மீன் ஏலக்கூடத்துக்கு நேர் எதிரில் இருந்தது. யார் உள்ளே போகிறார்கள் என்று ஊரே பார்க்கும். போகிறவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போவார்கள். துண்டை வைத்தே அது யாரென்று ஏலக்கூடத்தில் சொல்லிவிடுவார்கள். உள்ளே கொடுக்கும் படிவத்தின் முதல் கேள்வி: 'இந்தப் பழக்கம் உங்களுக்கு எத்தனை ஆண்டுகளாக?' இரண்டாவது கேள்வி: 'திருந்த முயன்றீர்களா?' இன்னாசியை அவள் ஒரு முறை அழைத்துப் போனாள். அவன் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டான்.

மறுநாள் காலை நாடி பிடித்தபோது அவள் விரலின் துடிப்புதான் நெட்டையனுக்குத் தெரிந்தது.

"சிஸ்டர், தூசி இன்னும் இருக்கு போல."

அவள் சொல்லிவிட்டாள். புட்டி, வலிப்பு, வெள்ளிக்கிழமை, கதவு எல்லாவற்றையும். நெட்டையன் குறுக்கிடவில்லை. தலைக்கு மேலே நூறு அடி உயரத்தில் அவனுடைய கை காற்றில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. கடற்காகம் ஒன்று அதன் நுனியில் உட்கார்ந்து ஆடியது.

"அவருக்கு நர்ஸ் யாரு?"

"நான்தான்."

"நீங்க அவருக்கு அக்கா. நர்ஸ் யாருன்னு கேட்டேன்."

பிலோமி சீருப்புக் குப்பியின் மூடியைத் திருகினாள்.

"அவரு முதிர எத்தனை வருஷம் ஆச்சு, சிஸ்டர்?"

"இருபத்தொம்பது."

"எனக்கு ஒம்பதுதான். அப்ப என்னைய விட அவரு கெடைக்க அரிதுல்லா?" வேலையில்லாத மணிகளில் துறைமுக விதிநூலை மனப்பாடம் செய்வது நெட்டையனின் பொழுதுபோக்கு. "முக்குளிக்கிறவங்க காதுக்குள்ள பதிச்ச செவிமணி இருக்குல்லா? ஆழத்து அழுத்தத்தைத் தாங்க வைக்கிற பொருளு. அது துறைமுகத்துச் சொத்து. விதி நாப்பத்திரெண்டு சொல்லுது, துறைமுகத்துக் கருவி பாதிக்கப்படலாம்னு தெரிஞ்சா அதைச் சுத்தியிருக்கிற உறையையும் சேத்து இயந்திர நலப் பிரிவு பராமரிக்கணும்."

"உறைன்னா?"

"கருவி எதுக்குள்ள இருக்கோ அது."

பிலோமி குடுவையைப் பார்த்தாள். அதற்குள் சாம்பல் நிறச் சுருள்கள் அப்பாவியாக மிதந்துகொண்டிருந்தன.

அன்று காலையே அவள் படிவத்தை நிரப்பினாள். கருவி: செவிமணி எண் 3306. கோளாறு கருவியிலா, உறையிலா? உறையில். உறையின் நீளம்: ஐந்தடி எட்டு அங்குலம். உறையின் வயது: இருபத்தொன்பது. இயந்திரங்களுக்கான அந்தப் படிவத்தில் முதல் கேள்வி வேறாக இருந்தது. 'கோளாறு எப்போது தொடங்கியது?' அதற்குப் பதில் எழுதும்போதுதான் அவள் முதல் முறையாக யோசித்துப் பார்த்தாள். பத்தொன்பது வயதில். அவன் விடிய விடியப் பாடிக்கொண்டிருந்த அந்த மாதத்தில். அப்போது குடி இல்லை. குடி அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, தூக்கத்தைத் தேடி வந்தது. பத்து ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருந்தும் இந்த வரிசை அவள் கண்ணில் பட்டதில்லை.

வீட்டுக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இந்த முறை சத்தம் போடவில்லை.

"இன்னாசி. நேத்து நீ ஒண்ணு சொன்ன. நீ இல்லாட்டா நிம்மதின்னு. சாகணும்னு தோணுதாலே?"

அவன் தலையை அசைத்தான். ஆமாம் என்று.

"எப்பல்லாம் தோணும்?"

"காலைல. முழிச்ச ஒடனே."

"சரி. இனிமே நீ முழிக்கிற நேரத்துல யாராச்சும் பக்கத்துல இருப்போம்." அவள் அவன் மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்தாள். "எண்பத்தெட்டு. இப்பம் ஒண்ணு சொல்லுதேன், சிரிக்காத. நீ இன்னையிலேருந்து ஒரு உறை."

"என்னது?"

அவள் படிவத்தைக் காட்டினாள். இன்னாசி படித்தான். மறுபடியும் படித்தான். தோள்கள் குலுங்கின. அழுகிறான் என்று நினைத்து அவள் குனிந்து பார்த்தாள்.

"அஞ்சடி எட்டங்குல உறையா? அக்கா, நான் அஞ்சடி ஒம்பது."

"படுத்தே கெடந்தா சுருங்கத்தான் செய்யும். வாலே."

இயந்திரப் பட்டறைக்குப் பின்வாசல் ஒன்று உண்டு. ஏலக்கூடத்திலிருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் அதுகூடத் தேவைப்படவில்லை. பட்டறைக்குள் போகிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உறையைப் பழுதுபார்க்கத் தகுந்த வல்லுநரை வரவழைக்கலாம் என்று விதி இடம் கொடுத்தது. பெயருக்குக் கீழே 'உறை வல்லுநர்' என்று இருந்த இடத்தில் டாக்டர் ஜுலைஹா கையெழுத்துப் போட்டார்.

"இருபது வருஷமா டாக்டரா இருக்கேன். அங்க வர்றவங்க பாதியில ஓடிப்போயிடுறாங்க. இந்தப் பேருல வந்தா நிப்பாங்கன்னா எனக்கு இந்தப் பேரே போதும்மா," என்றார்.

குடியை அவர் ஒரேயடியாக நிறுத்தவில்லை. முதல் பத்து நாள் பட்டறையின் உள்ளறையில் அவனைப் படுக்கவைத்து, நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்து கொடுத்து, மணிக்கொரு முறை பார்த்துப் பார்த்துக் கீழே இறக்கினார். பிறகு சீருப்பு, மாத்திரையாக. இயந்திர மருத்துவர்கள் அதைப் பழைய மனித மருத்துவ ஏடு ஒன்றிலிருந்துதான் எடுத்திருந்தார்கள். மனிதர்களுக்கு அந்த உப்பு இருநூறு ஆண்டுகளாகத் தெரியும். வாரம் ஒரு முறை இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்தார்கள். அளவு கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் பயனில்லை. பத்து மணிக்குத் தூக்கம், ஐந்தரைக்கு விழிப்பு. விழிக்கும்போது அம்மாவோ பிலோமியோ அருகில். இருவருக்கும் டாக்டர் கற்றுக்கொடுத்தார்: என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு இரண்டாவதுதான் கடினமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கயிற்றுக் கூட்டத்துக்குப் பிலோமிதான் போனாள். கையில் மஞ்சள் அட்டையின் நகல் இருந்தது. பவுல்ராசு அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"3306 பராமரிப்புல இருக்கா?"

"ஆமா அண்ணாச்சி. உறையோட."

"எத்தனை மாசம் ஆகும்?"

"சொல்ல முடியாது. நெட்டையனுக்கு ஒண்ணரை வருஷம் ஆச்சு, இன்னும் நடக்குது."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். அவருக்கு அந்த உறை யாரென்று தெரியும். அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். பத்து நிமிடங்களுக்கு முன்னால்தான் அதே இன்னாசியைக் குடிகாரப் பயல் என்று எல்லோருமாகத் திட்டி முடித்திருந்தார்கள். ஆனால் மஞ்சள் அட்டையைப் பார்த்ததும் அறுபது ஆண்டுப் பழக்கம் அவர் நாக்கைத் திருப்பியது.

"பராமரிப்புல இருக்கிற பொருளக் கயித்துலேருந்து எடுக்க விதி கெடையாதுல்லா. இருக்கட்டும். தேறுன பெறவு பாப்போம்."

இன்னாசியின் மணிக்கட்டில் கட்டிய அந்தச் சின்ன அட்டை செய்த வேலையைப் பிலோமியே நம்பவில்லை. தெருவில் ஒருவரும் கேலி பேசவில்லை. அவன் வாசலில் உட்கார்ந்து கடலை வெறித்தால் யாராவது வந்து பக்கத்தில் சும்மா உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி வந்து வாத்துகளைப் பற்றிப் பேசினார். மூன்றாம் மாதம் ஒரு ஞானஸ்நான விருந்தில் அவன் கூட்டாளி கிளாட்வின் பழைய பாசத்தில் பாசிச்சாராயக் கோப்பையை நீட்டினான்.

"எனக்காக ஒரு வாய்டே. ஒரே ஒரு வாய்."

இன்னாசியின் கை தானாக நீண்டது. அட்டை வெளியே தெரிந்தது. கிளாட்வினின் முகம் மாறிப் போனது. கோப்பையைச் சடக்கென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"ஐயோ, மறந்துட்டேன்டே. மஞ்ச அட்டைக்கு ஊத்தக் கூடாதுல்லா. நீ மோர் குடி."

எல்லாம் நேர்க்கோட்டில் போகவில்லை. ஐந்தாம் மாதம் உடம்பு சரியாகிவிட்டது என்று நினைத்து மாத்திரையை இரண்டு வாரம் விட்டான். ஏற்றம் வந்தது. துறைமுகத்தையே நீலமாக்கப் போவதாக வண்ண வாளியோடு கிளம்பினான். யாரும் விசிலடிக்கவில்லை. நாலு பேர் வாளியை வாங்கி வைத்துவிட்டுப் பட்டறைக்குச் செய்தி அனுப்பினார்கள். அதற்கடுத்த இறக்கத்தில் இரண்டு நாள் குடித்தான். மூன்றாம் நாள் காலை அவனே வந்து பிலோமியின் முன்னால் நின்றான்.

"முந்தாநாளும் நேத்தும், மத்தியானம் ரெண்டரை. முக்கால் புட்டி. மாத்திரைய விட்டதுக்குப் பெறவு."

பிலோமி எழுதிக்கொண்டாள். எட்டு ஆண்டுக் குடியில் அவன் அவளிடம் சொன்ன முதல் அளவு அது.

எட்டாம் மாதம் அவன் நெட்டையனின் கால்களில் படிந்த சிப்பிகளைச் சுரண்டக் கடலுக்குள் இறங்கினான். ஒரு நாளைக்கு இரண்டு முறை மட்டும். ஐந்து பேர் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். கப்பல் கிளம்பும் நேரத்தில் நெட்டையன் பக்கத்தில் போய் நிற்கும் வேலையையும் அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். இரண்டு பேரும் கப்பல் மறையும்வரை பேசாமல் நிற்பார்கள்.

"அதுக்கு நம்மளத் தெரியாதுல்லா?" என்பான் நெட்டையன்.

"தெரியாது. ஆனா நாளைக்கு வேற கப்பல் வரும்," என்பான் இன்னாசி.

ஒன்பதாம் மாதம் கரையிலிருந்து ஆய்வாளர் வந்தார். அவர் பெயர் தளவாய். ஐம்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை. பராமரிப்பில் உள்ள எல்லா இயந்திரங்களையும் நேரில் பார்த்து, விதிப்படி இருக்கிறதா என்று எழுதுவது அவர் வேலை. வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பை ஒதுக்கி வைத்திருந்தார். பேசும்போது அறை முழுக்கக் கிராம்பு மணந்தது. பதிவேட்டின் ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"செவிமணி 3306. ஒன்பது மாசமா பராமரிப்பு. நல்ல முன்னேற்றம்னு போட்டிருக்கு. அதை இங்கே கொண்டு வாங்க."

வாராந்திர இரத்தப் பரிசோதனைக்காக ஓரமாக உட்கார்ந்திருந்த இன்னாசி எழுந்து நின்றான்.

"இங்கதான் சார் இருக்கேன்."

தளவாய் அவனைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். அதிலிருந்த நீளத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் ஏறியது.

"இது மனுஷன்!"

"ஆமா சார்," என்றாள் பிலோமி. ஒன்பது மாதமாக இந்த நொடிக்காக அவள் சேர்த்து வைத்திருந்த விளக்கங்கள் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "தம்பி. இருமுனைக் கோளாறு. குடியும் இருந்துச்சு. ரெண்டுக்கும் சேத்துத்தான் சார் மருத்துவம் நடக்குது."

"இயந்திரப் பதிவேட்டுல மனுஷனை நுழைச்சிருக்கீங்க. இது எவ்வளவு பெரிய மோசடி தெரியுமா? மனுஷனுக்குத்தான் தனியா ஆஸ்பத்திரி இருக்கே. அங்கே போறதுக்கு என்ன?" அவர் பேனாவைத் திறந்தார். ஒரு கோடு போட்டால் போதும். அட்டை போய்விடும். கயிறும் போய்விடும். அந்த முனை தாளைத் தொடுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா நடுங்கியது. மிக லேசாக. காலை பதினோரு மணிக்கு நடுங்கும் கைகளை அவள் ஒன்பது மாதமாகப் பார்த்திருக்கிறாள். ஆனால் அவளுக்கு முன்னால் இன்னாசி பேசினான்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? கிராம்பு எத்தனை நாளா?"

"பல்வலி," என்றார் தளவாய்.

"எனக்கும் ரெண்டு வருஷம் பல்வலிதான் சார். கிராம்பு பத்தாது. அது ஒரு மணி நேரந்தான் மறைக்கும். ஏலக்காயும் சேத்துப் பாத்தேன். எங்கம்மா மூக்கு அதையும் கண்டுபிடிச்சிருச்சு."

அவன் குரலில் கேலி இல்லை. ஒரே ஊர்க்காரனை வெளியூரில் பார்த்த சந்தோஷம் மட்டும் இருந்தது. தளவாய் எழுந்து போய்விடுவார் என்று பிலோமி நினைத்தாள். அவர் எழவில்லை. சன்னலுக்கு வெளியே நெட்டையனின் கை ஒரு பெட்டியை அலையின் தாளத்துக்குத் தாழ்த்தி, முட்டையை வைப்பது போலக் கப்பலில் வைத்தது. அதை அவர் முழுவதும் பார்த்தார்.

"நீங்க அந்த மாதிரி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கீங்களா சார்?" என்று பிலோமி கேட்டாள்.

"வாசல் வரைக்கும்." அவர் பேனாவை மூடினார். "மூணு தடவை."

தளத்துக்கடியில் அலைகள் மோதிக்கொண்டிருந்தன.

"எனக்குக் காதுல செவிமணி கிடையாது," என்றார் தளவாய் கடைசியில், பதிவேட்டைப் பார்த்தபடி. "ஆனா ஆறு வருஷத்துக்கு முன்னாடி இங்கே ஆய்வுக்கு வந்தப்போ ஏணியிலேருந்து விழுந்தேன். முழங்கால்ல ஒரு திருகு வச்சுத் தச்சிருக்காங்க. துறைமுகத்து ஆஸ்பத்திரியிலதான் வச்சாங்க. அது துறைமுகத்துச் சொத்துன்னு நினைக்கிறேன். விதி நாற்பத்திரண்டுல அது வருமா?"

பிலோமி மேசை இழுப்பறையைத் திறந்து புதிய படிவம் ஒன்றை எடுத்தாள். கருவி என்ற இடத்தில் 'திருகு, ஒன்று' என்று எழுதினாள். பிறகு நிமிர்ந்து, முதல் கேள்வியை அவரிடமே கேட்டாள்.

"கோளாறு எப்ப தொடங்குச்சு சார்?"

அவர் வேறு ஏதோ கேள்விக்குப் பதிலைத் தயாராக வைத்திருந்தவர் போல விழித்தார். வாயிலிருந்த கிராம்பை எடுத்துக் கைக்குட்டையில் வைத்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். சொல்லி முடிக்கப் பன்னிரண்டரை ஆனது. இன்னாசி எழுந்து தன் நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டுவிட்டு, தான் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த மாதம் கரைக்குப் போன ஆய்வறிக்கையில் முத்துத்திட்டின் இயந்திர நலப் பிரிவு எல்லா வகையிலும் விதிப்படி இயங்குவதாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. குறைகள் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரி இருந்தது: 'இயந்திரங்கள் உட்கார நாற்காலிகள் போதவில்லை.'